அண்ணை தோற்ற சனிக்கிழமைகள்

அண்ணை இறந்த முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும் வணக்கம். முன் அட்டையில் இருக்கும் படத்தை முதலில் பாருங்கள். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, தலையை எண்ணெய் வைத்து வாரி, லண்டனுக்கு வந்த புதிதில் ஸ்ரூடியோவில் எடுத்த படம். கணக்காளராக வரப்போகிற பிள்ளையின் முகம் அது. இந்தப் படம்தான் மரியாதையாக இருக்கும் என்று மாமாவும் மச்சாள்மாரும் ஒற்றைக் காலில் நின்றார்கள். நானும் விட்டுக்கொடுத்தேன். ஆனால் உள்ளே எழுதப்போவது நான்தானே.

மாமா தொலைபேசியிலும் கூப்பிட்டுச் சொன்னார். "பிள்ளை, அந்த மல்யுத்தத்தைப் பற்றி ஒண்டும் எழுதாதை. லண்டனிலை படிச்சவர், பக்திமான், பரோபகாரி எண்டு எழுதிப்போட்டு விடு. சனம் சிரிக்கும்."

சனம் ஏற்கெனவே போதுமான அளவு சிரித்துவிட்டது. அண்ணை படிக்க வந்தது உண்மை, படித்து முடிக்கவில்லை. பக்திமான் என்பதும் பொருந்தாது. கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் செருப்புக் கழற்றும் இடத்திலேயே நின்று கதைத்துவிட்டு வந்துவிடுவார். அவர் தன் வாழ்நாளில் பாதிக்கு மேல் செய்த தொழில் மல்யுத்தம். அதை விட்டுவிட்டு எழுதினால் இது வேறு யாருக்கோ அடித்த மலராகிவிடும். ஆகவே மாமா என்னை மன்னிக்க வேண்டும்.

அண்ணை வடமராட்சியில் கரவெட்டியில் பிறந்தவர். வீட்டில் அவர் மூத்தவர், நான் கடைக்குட்டி. இடையில் பிறந்த இருவரும் குழந்தைகளாகவே தவறிவிட்டார்கள். அப்பா புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவர். அண்ணை பள்ளிக்கூடம் முடிக்கும் முன்னரே அப்பா காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு அம்மாவின் நம்பிக்கை முழுவதும் அண்ணையின் தலையில்தான் இறங்கியது. அவருக்கு லண்டனில் கணக்கியல் படிக்க இடம் கிடைத்தபோது அம்மா சாத்திரியாரிடம் சாதகத்தைக் கொண்டு ஓடினார். சனி எட்டாம் வீட்டில் நிற்கிறான், கொஞ்சம் பொறுத்துப் போகட்டும் என்றாராம் சாத்திரியார். சாத்திரியார் பொறுப்பார், லண்டன் கல்லூரி பொறுக்குமா? அம்மா மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அனுப்பிவைத்தார். பிள்ளையைப் பிழையான நேரத்தில் அனுப்பிவிட்டேன் என்ற எண்ணம் அன்று அம்மாவின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அது கடைசிவரை இறங்கவேயில்லை.

லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ஓர் அறையில் அண்ணை குடியிருந்தார். பகலில் படிப்பு, மாலையில் பெற்றோல் நிலையத்தில் வேலை. சோதனையில் இரண்டு தடவை சறுக்கினார். ஊரிலேயே பாரம் தூக்கிப் பழகிய உடம்பு என்பதால், மனம் சரியில்லாத நேரங்களில் பக்கத்து உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்விடுவார். அங்கேதான் ரொன் என்ற ஆங்கிலேயரைச் சந்தித்தார். ரொன் தண்ணீர்க் குழாய் திருத்துபவர். சனி ஞாயிறுகளில் நகர மண்டபங்களில் மல்யுத்தம் செய்வார். அண்ணையின் தோள்களைப் பார்த்துவிட்டு, என்னோடு ஒருநாள் வந்து பார் என்று அழைத்திருக்கிறார். அண்ணை போனார். அதோடு கணக்கியல் முடிந்தது.

போட்டி நடத்திய முதலாளி அண்ணைக்கு ஒரு தலைப்பாகையும் வளைந்த கத்தியும் கொடுத்து, பம்பாய்ப் பூதம் என்ற பொருள்படும் ஒரு பெயரையும் சூட்டினார். எங்கள் பரம்பரையில் யாரும் தலைப்பாகை கட்டியதில்லை. பம்பாயை அண்ணை வரைபடத்தில்தான் பார்த்திருந்தார். ஆனாலும் சாம்பிராணிப் புகைக்குள்ளால் அவர் மேடைக்கு வரும்போது மண்டபம் முழுவதும் எழுந்து நின்று கூச்சலிடும். அண்ணை கெட்டவன், ரொன் நல்லவர். கெட்டவன் கண்ணில் குத்துவான், நடுவர் பாராத நேரம் காலை வாருவான், கடைசியில் நல்லவரிடம் செம்மையாக வாங்கிக்கொண்டு விழுவான். எதிராளியின் தோள்கள் இரண்டும் தரையில் பட்டிருக்க நடுவர் மூன்று தரம் தரையில் அறைந்தால் ஆட்டம் முடிந்தது; மூன்றாவது அறை விழும்வரை யாரும் தோற்றதாகாது. அந்த மூன்றாவது அறைக்காகத்தான் சனம் ரிக்கற் எடுத்து வந்தது.

யார் வெல்வது, யார் தோற்பது என்பதை முதலாளி முன்கூட்டியே தீர்மானித்திருப்பார். இன்று இதைச் சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். அன்று அது வெளியே வரக்கூடாத விடயம். அதை மனைவிக்கும் சொல்லக்கூடாது, தாய்க்கும் சொல்லக்கூடாது. மேடையில் பகைவர்களாக இருப்பவர்கள் வெளியே ஒரே மேசையில் தேநீர் குடிப்பதைக்கூடச் சனம் காணக்கூடாது. நல்லவர்களுக்கு ஓர் உடைமாற்றும் அறை, கெட்டவர்களுக்கு இன்னோர் அறை. ரொனின் வான் வண்டியில் அண்ணை போனாலும் மண்டபத்துக்கு ஒரு தெரு முன்பாகவே இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மழையென்றாலும் நடந்துதான் போவாராம். இருவரும் ஒரே தெருவில் குடியிருந்தார்கள். அண்ணையின் ஒரே சிநேகிதன் ரொன். ஆனால் ரொன் ஒரு நாளாவது எங்கள் வீட்டு வாசலை மிதித்ததில்லை.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அண்ணை அம்மாவையும் என்னையும் லண்டனுக்கு எடுப்பித்தார். ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் மேல்மாடியை எங்களுக்கு வாடகைக்கு எடுத்துத் தந்துவிட்டு, தான் கோலியர்ஸ் வுட்டிலேயே இருந்தார். கம்பனியில் வேலை என்று ஊருக்குக் கடிதம் எழுதியிருந்தவர் எங்களை விமான நிலையத்தில் இருந்து கூட்டிவரும்போது உண்மையைச் சொல்லிவிட்டார், பாதி உண்மையை. மல்யுத்த வீரன் என்றார். அம்மாவுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பீமனும் மல்யுத்தம் செய்தவன்தானே என்றார்.

அந்தப் பெருமை முதல் சனிக்கிழமையோடு போனது. அந்தக் காலத்தில் சனிக்கிழமை பின்னேரம் நாடே தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்த்தது. எங்கள் சிறிய பெட்டியில் தலைப்பாகையோடு அண்ணை வந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளைக்காரர் அவரைத் தலைக்கு மேலே தூக்கித் தரையில் போட்டார். அவர்தான் ரொன் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

"ஐயோ, என்ரை பிள்ளையை விடடா! விடடா நாசமாய்ப் போவானே!" என்று அம்மா கத்திய கத்தலில் கீழ்வீட்டார் கதவைத் தட்டினார்கள். முதலாவது அறை விழுந்தது. "எழும்பு மோனை." இரண்டாவது விழுந்தது. "எழும்பு ராசா, எழும்பு!" மூன்றாவது விழும் முன்னர் அம்மா இரு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். பிறகு வந்த எந்த ஆட்டத்திலும் அம்மா மூன்றாவது அறையைப் பார்த்ததில்லை. சத்தத்தை மட்டும் கேட்பார்.

அதுவும் சனிக்கிழமை. அம்மாவுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புறப்பட்ட நேரம் பிழை, பிடித்த சனி விடவில்லை, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பிள்ளையை விழுத்துகிறான். அடுத்த வாரமே விரதம் தொடங்கினார். ஹை ஸ்ட்ரீட் நோர்த் கடைகளில் எள்ளும் நல்லெண்ணெயும் வாங்கி, கறுப்புத் துணியில் எள்ளைப் பொட்டலம் கட்டி, வீட்டுச் சாமிப்படத்துக்கு முன்னால் எள்ளெண்ணெய் எரிப்பார். வீட்டுக்காரர் புகை மணக்கிறது என்று முறையிட்டதால் யன்னலைத் திறந்துவைத்துக் குளிரில் நடுங்கிக்கொண்டு எரிப்பார். காகத்துக்குச் சோறு வைக்க வேண்டும், ஈஸ்ட் ஹாமில் புறாக்கள்தான் வந்தன. "சனீஸ்வரனுக்கு விளங்கும்" என்பார். மல்யுத்தம் முடியும்வரை பச்சைத் தண்ணீரும் பல்லில் படாது. அண்ணை தோற்ற பிறகு, அழுதுவிட்டு, ஒரு பிடி சோறு சாப்பிடுவார்.

மண்டபத்துக்கு வந்து நேரில் பார்க்கிறேன் என்று அம்மா கேட்டபோது அண்ணை ஒரேயடியாக மறுத்துவிட்டார். காரணத்தை எனக்கு மட்டும் சொன்னார். "முன் வரிசையிலை இருக்கிற வெள்ளைக்காரக் கிழவியள் கைப்பையாலை எனக்கு அடிக்கிறவை. ஒருத்தி குடையாலை குத்தினவ. அம்மா அதைப் பாத்தா அவவும் இறங்கி அடிப்பா. பிறகு பொலிசிலைதான் முடியும்."

சிரிப்புத்தான். ஆனால் நான் ஒருநாள் நேரே கேட்டேன். "அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. இது உண்மையான சண்டையோ?"

தன் இடது கையை நீட்டிக் காட்டினார். சின்ன விரல் கோணலாக ஒட்டியிருந்தது. "இது உண்மையா முறிஞ்சது" என்றார். 

அண்ணைக்குக் கலியாணம் பேசினோம். அடிவாங்கிப் பிழைப்பவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று இரண்டு இடங்களில் முகத்துக்கு நேரே கேட்டார்கள். மூன்றாவது இடத்தில் பெண்ணுக்குப் பிடித்திருந்தது. தகப்பனார் ஒரு சனிக்கிழமை தொலைக்காட்சியைப் போட்டுப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு அண்ணை எங்களைப் பேசவிடவில்லை. அம்மா அதையும் சனியின் கணக்கிலேயே எழுதினார்.

நான் மணமுடித்து, கணவரோடும் அம்மாவோடும் குட்மேய்ஸில் வீடு எடுத்துக் குடிபோன பிறகு நடந்ததை இப்போது சொல்ல வேண்டும். சனிக்கிழமைகளில் அண்ணை ஒருபோதும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம், முகம் மழித்து, நல்ல சட்டை போட்டு, ஒரு பெட்டி லட்டோடு வந்து நின்றார். அம்மாவுக்குப் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்துகொண்டார். "அம்மா, இண்டைக்குக் கண்ணைப் பொத்தாமப் பாக்கவேணும்" என்றார். அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல்தரம். லட்டுப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளை மாதிரிக் காலை ஆட்டிக்கொண்டு இருந்தார்.

நேரம் வந்தது. தொலைக்காட்சியில் மல்யுத்தம் வரவில்லை. வேறு ஏதோ நிகழ்ச்சி ஓடியது. அண்ணை எழுந்து அலைவரிசையை மாற்றி மாற்றிப் பார்த்தார். மல்யுத்தத்தைச் சனிக்கிழமைகளில் இருந்து எடுத்துவிட்டார்கள். நிறுத்தப்போகிறார்கள் என்ற கதை முன்பே அடிபட்டதுதான், இந்தக் கிழமையே நிற்கும் என்று அண்ணை நினைத்திருக்கவில்லை. பதிவு செய்து வைத்திருந்த ஆட்டங்களில் சில காட்டப்படாமலே போயின.

அம்மாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "இனி வராதோ?" என்று கேட்டார்.

"வராதாம் அம்மா."

"இனி ஒருக்காலும் வராதோ?"

"ஓம் அம்மா."

அம்மா கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். "அப்பனே சனீஸ்வரா, என்ரை பிள்ளையை விட்டிட்டியே!" என்று அழுதார். பிறகு அண்ணையின் கையில் இருந்த பெட்டியைத் திறந்து ஒரு லட்டை எடுத்து அவர் வாயில் ஊட்டினார். "இண்டைக்கு நீ அடிவாங்கேல்லை. எனக்கு இது போதும்." அண்ணை அந்த லட்டை விழுங்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை. அந்தக் காரணம் அவர் இறந்த பிறகுதான் தெரியவந்தது.

இங்கிலாந்தில் மல்யுத்தத் தொழிலை அமெரிக்கர் அழித்தார்கள் என்று தொழிலில் இருந்தவர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெருமை அம்மாவின் எள்ளெண்ணெய்க்குத்தான்.

தொழில் எப்படி இருந்து எப்படிப் போனது என்பதை அண்ணை சொல்லக் கேட்டதை வைத்து எழுதுகிறேன். முன்பெல்லாம் மல்யுத்தம் உலகம் முழுவதும் ஊர் ஊராகத்தான் நடந்தது. அமெரிக்காவில் பகுதிக்கு ஒரு முதலாளி இருந்தார். ஒருவரின் எல்லைக்குள் மற்றவர் கால் வைப்பதில்லை. மெக்சிக்கோவில் முகமூடி போட்டவர்கள் தங்கள் முகத்தைச் சாகும்வரை வெளியே காட்டமாட்டார்களாம். ஜெர்மனியில் ஒரே ஊரில் கூடாரம் அடித்து வாரக்கணக்கில் நாள்தோறும் ஆட்டம் நடக்கும். அண்ணை அங்கே பல தடவை போனார். ஜப்பானுக்கு ஒரு தடவை போய்வந்தார். அங்கே சனம் சோதனை மண்டபத்தில் இருப்பதுபோல் மூச்சுக்காட்டாமல் பார்க்குமாம், அது தனக்குப் பயமாக இருந்தது என்பார். ஜெர்மனியில் அவரைத் துருக்கிக்காரனாக்கினார்கள், ஜப்பானில் பாரசீகனாக்கினார்கள். யாழ்ப்பாணத்தான் என்று ஒரு நாடும் அவரை மேடையேற்றவில்லை.

எண்பதுகளில் அமெரிக்கக் கம்பனி ஒன்று எல்லைகளை உடைத்துக்கொண்டு வெளிக்கிட்டது. எல்லாப் பகுதிகளின் தொலைக்காட்சி நேரத்தையும் வாங்கியது, ஒவ்வோர் ஊரிலும் பெயர் எடுத்தவர்களை அள்ளிக்கொண்டு போனது. சின்ன முதலாளிகள் ஒவ்வொருவராகக் கடையைப் பூட்டினார்கள். லண்டனில் வீட்டுச் சுவர்களில் சற்றலைற் தொலைக்காட்சித் தட்டுகள் முளைத்தன. அதில் வந்தவர்கள் மலை மாதிரி இருந்தார்கள். வெடியும் வாணமும் பாட்டும் ஒளியுமாக வந்தார்கள். நகர மண்டபத்தில் ஐம்பது வயதுக்காரர் இருவர் மூச்சு வாங்கக் கட்டிப் புரளுவதை யார் பார்ப்பார்கள்? எங்கள் உறவுப் பிள்ளைகளின் அறைகளிலும் அமெரிக்கர்களின் படங்கள்தான் தொங்கின. அண்ணையைக் காட்டி, பெரியப்பாவும் ஒரு காலத்தில் இதே தொழில்தான் என்றால், "அது ஓல்ட் மென் ரெஸ்லிங்" என்று சிரித்தார்கள். அண்ணையும் சேர்ந்து சிரிப்பார். அந்த அமெரிக்க உடம்புகளைப் பார்த்து அவர் பொறாமைப்படவில்லை, பரிதாபப்பட்டார். "ஊசி போட்டு ஊதின உடம்பு. இதயம் தாங்காது" என்பார். அவர் சொன்னதுபோலவே அவர்களில் பலர் இளவயதில் போய்ச் சேர்ந்தார்கள்.

தொலைக்காட்சி போன பிறகு அண்ணை ஒரு களஞ்சியத்தில் ஷிப்ட் வேலை எடுத்தார். அம்மாவுக்கு அதுதான் தெரியும். கோடையில் கடற்கரை விடுதிகளில் விடுமுறைக்கு வந்த சனத்துக்கு முன்னால் ரொனோடு தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தது தெரியாது. கதிரைகள் பாதி வெறுமையாகக் கிடக்குமாம். அப்படியும் விழுந்தார். முழங்கால் போனது, இடுப்பு நாரி போனது. சாமான் தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு எண்ணெய் பூசுவிப்பார்.

ஒரு தடவை உறவினர் வீட்டில் பெரியபிள்ளையான மகளின் சாமத்தியச் சடங்குக்கு ஒரு நகர மண்டபத்துக்குப் போனோம். பல்லக்கு, வீடியோக்காரர், ஆலாத்தித் தட்டு என்று ஒரே அமர்க்களம். அண்ணை மட்டும் மண்டபத்தின் நடுவில் நின்று மேலே விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னண்ணை என்றேன். "பிள்ளையை இருத்தியிருக்கிற இடத்திலைதான் மல்யுத்த றிங் இருந்தது" என்றார். பிறகு, "இந்தத் தரை பொல்லாத தரை. விழுந்தா எலும்புக்குத் தெரியும்" என்றார். சாப்பாட்டு வரிசையில் யாரோ அண்ணையைக் காட்டி, தம்பி என்ன செய்கிறார் என்று கேட்டபோது, களஞ்சியத்தில் என்று அம்மா பெருமையாகச் சொன்னார்.

அமெரிக்க முதலாளிகள் கடைசியில் தங்கள் வாயாலேயே இரகசியத்தைச் சொல்லிவிட்டார்கள். விளையாட்டுக்குரிய வரியும் கட்டுப்பாடும் வேண்டாம் என்பதற்காக, இது விளையாட்டே இல்லை, முன்பே பேசிவைத்து நடத்தும் பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டார்கள். பத்திரிகையில் அதைப் படித்ததும் நான் அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, அண்ணை வலுவில்லாமத் தோக்கேல்லை. தோக்கச் சொல்லித்தான் காசு குடுத்தவை. சனியும் இல்லை, ஒண்டும் இல்லை."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "அவன் சொல்லட்டும், நம்புறன்" என்றார்.

அடுத்த ஞாயிறு அண்ணை வந்தார். கையில் தேநீர்க் கோப்பையோடு இருந்தவரிடம் அம்மா கேட்டார். "மோனை, இவள் ஒரு கதை சொல்லுறாள். உங்கடை சண்டையெல்லாம் முதலே கதைச்சு வைச்சுச் செய்யிறதாம். உன்னைத் தோக்கச் சொல்லித்தான் விடுறவையாம். உண்மையே?"

நான் அண்ணையின் முகத்தையே பார்த்தேன். ஓம் என்று ஒரு சொல் போதும். அம்மா இருபது வருடமாகச் சுமந்த பாரம் அந்த இடத்திலேயே இறங்கிவிடும். அண்ணை தேநீரை ஒரு வாய் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"பேப்பர்காறர் றிங்குக்குள்ளை ஏறினவையே அம்மா?" என்றார். "நான் உண்மையாத்தான் தோத்தனான்."

"பாத்தியே?" என்று அம்மா என்னைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் அனுப்பின நேரம், பிள்ளை" என்றார்.

அண்ணை வெளிக்கிடும்போது வாசலில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கு விசரே அண்ணை? அம்மாவுக்குக்கூடச் சொல்லேலாதோ? உலகத்துக்கே தெரிஞ்சு போச்சு!"

"சொன்னவை தொழிலை வித்தவை, தங்கச்சி. வித்தவை சொல்லுவினம்" என்றார். "ரொன் இண்டைக்கும் தன்ரை மனிசிக்குச் சொல்லேல்லை. நான் என்னெண்டு சொல்லுறது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவை அடித்துச் சாத்தினேன். அண்ணை கொடுத்த வாக்கை மீறத் தெரியாதவர். எனக்குத் தெரிந்தவரை அவர் தன் ஆதாயத்துக்காக யாரையும் ஏமாற்றியதில்லை. ஆயிரக்கணக்கான சனத்துக்கு முன்னால் காப்பாற்றிய வாக்கை அம்மாவுக்கு முன்னாலும் காப்பாற்றினார். அந்த வாக்கை வாங்கியவர்களே அதைக் காற்றில் விட்ட பிறகும் காப்பாற்றினார். இதைப் பெருமை என்று எழுதச் சொன்னால் என்னால் முடியாது.

அம்மா அதற்கு அடுத்த மாரியில் போனார். கடைசி நாளில் அண்ணையின் கோணல் விரலைத் தடவிக்கொண்டே இருந்தார். "பிழையான நேரத்திலை விட்டிட்டன் ராசா" என்றார். அண்ணை, "இப்ப எல்லாம் சரியாப் போச்சு அம்மா" என்றார்.

அம்மாவுக்குப் பிறகு அண்ணை மேடை ஏறவில்லை. கோலியர்ஸ் வுட் அறையைக் கொடுத்துவிட்டு எங்களோடு குட்மேய்ஸுக்கு வந்தார். சனிக்கிழமைகளில், தானே கடைக்குப் போய் எள்ளு வாங்கிவந்து, அம்மா செய்தமாதிரியே பொட்டலம் கட்டி எரிப்பார். கோயிலில் செருப்பு வைத்த இடத்தைத் தாண்டாத மனிதர்.  இதயம் பலவீனப்பட்டு வைத்தியசாலையில் இருந்தபோது, ஒரு பின்னேரம், தானாகவே கதையைத் தொடங்கினார்.

"அண்டைக்குச் சொல்லியிருக்கலாம், என்ன?"

அம்மா கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்கிறார் என்று விளங்கியது.

"நான் நல்லாத் தோக்கிறவன், தங்கச்சி. என்னோடை பிடிச்ச ஒருத்தனுக்கும் ஒரு நாளும் காயம் வந்ததில்லை. அதுக்காகத்தான் என்னைக் கூப்பிடுறவை. அது ஒரு கெட்டித்தனம். அம்மா அதை அறியாமப் போட்டா. என்னைத் தோத்த பிள்ளையெண்டே நினைச்சுக்கொண்டு போட்டா." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அந்தப் பழி தன்ரை எண்டும் நினைச்சுக்கொண்டு போட்டா. அதைத்தான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு."

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.  இரண்டு நாள் கழித்து அண்ணை போய்விட்டார்.

அண்ணையை வைத்தியசாலையில் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும் மருத்துவர்களுக்கும் எங்கள் நன்றி. செய்தி கேட்டதும் ஓடிவந்தவர்கள், கனடாவிலிருந்தும் ஊரிலிருந்தும் தொலைபேசியில் அழுதவர்கள், வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறும் கறியும் சமைத்துக் கொண்டுவந்த குட்மேய்ஸ் அயலவர்கள், கிரியைகளை முறைப்படி செய்துதந்த குருக்கள், இன்றைய மதிய போசனத்துக்கு உதவியவர்கள் எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். மாமாவுக்கும் நன்றி. அவர் சொன்னதை நான் கேட்கவில்லை என்றாலும், அண்ணைக்குக் கொள்ளி வைத்தவர் மாமாவின் மகன்தான்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். சவப்பெட்டியை வீட்டிலிருந்து எடுத்த அன்று, தெருவின் மறுபக்கத்தில், கறுப்புக் கோட்டோடு ஒரு வயதான ஆங்கிலேயர் தனியாக நின்றார். வந்தவர்கள் யாரோ வழிப்போக்கர் என்று நினைத்தார்கள். எனக்குத் தொலைக்காட்சியில் பார்த்த தோள்கள் ஞாபகம் வந்தன. தெருவைக் கடந்து போய், நீங்கள் ரொன்தானே, ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டேன். தெருவில் யாராவது கவனிக்கிறார்களா என்று இரு பக்கமும் பார்த்தார். எத்தனையோ வருடப் பழக்கம். பிறகு எங்கள் காரிலேயே வந்தார். வழியில் அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத்தான் இங்கே தமிழில் தருகிறேன்.

அம்மாவின் சனிக்கிழமை விரதத்தைப் பற்றி அண்ணை ரொனிடம் சொல்லியிருக்கிறார். கடைசியாகத் தொலைக்காட்சிக்குப் பதிவு செய்த ஆட்டத்தில் ரொன் வெல்ல வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. நடுவில், கழுத்துப் பிடியில் இருந்தபோது ரொன் அண்ணையின் காதுக்குள் சொன்னார்: இன்றைக்கு நீ வெல்லு, உன் அம்மா பார்க்கட்டும். அண்ணை மறுத்தார். ரொன் அதைக் கேளாதவர் போல் மல்லாந்து விழுந்து, அடித்துப் போட்ட மரம் மாதிரிக் கிடந்துவிட்டார். வேறு வழியில்லாமல் அண்ணை அவர் மேலே விழுந்தார், நடுவர் மூன்று தரம் அறைந்தார். மண்டபமே வாயடைத்துப் போனதாம். முதலாளி இருவருக்கும் பல மாதங்கள் வேலை கொடுக்கவில்லை. அண்ணை வென்ற ஒரே ஆட்டம் அதுதான். அதைப் பார்க்கத்தான் அவர் அந்தச் சனிக்கிழமை லட்டோடு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அது ஒளிபரப்பாகவேயில்லை.

காருக்குள் நான் அழுத அழுகையை என் பிள்ளைகள் அதுவரை பார்த்ததில்லை.

தகன மண்டபத்தில் எல்லோரும் பூப் போட்டு, பெட்டியையும் மூடிய பிறகு, ரொன் கடைசியாக வந்தார். பெட்டியின் மேல் உள்ளங்கையை விரித்து ஓர் அறை அறைந்தார். மண்டபம் திரும்பிப் பார்த்தது. இரண்டாவதும் அறைந்தார். மூன்றாவதற்குக் கை உயர்ந்தது. உயர்ந்த கையை அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, மெதுவாக இறக்கி, கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்.

அம்மா இருந்திருந்தால் கண்ணைப் பொத்தியிருக்கத் தேவையில்லை.

அண்ணையின் தங்கை,
குட்மேய்ஸ்.